வெட்டிய கை

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவின் படைவீரர் மருத்துவமனை திறக்கப்பட்டது 1917இல். கனடா கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை இயற்றியதும் அதே ஆண்டுதான். கியூபெக்கில் அந்தக் காயம் ஆறவில்லை என்பதற்கு ரொக் கரியேயின் 'லா கேர், யெஸ் சேர்!' (1968) சாட்சி. இரண்டாம் உலகப்போர்க் காலக் கதை. தொடக்கத்திலேயே ஜோசப், போருக்குப் போகாதிருக்கத் தன் கையைத் தானே கோடரியால் வெட்டிக்கொள்கிறான்.

எனக்கு வன்னி நினைவுக்கு வந்தது. கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கொருவர் என்று புலிகள் பிள்ளைகளைப் பிடித்தார்கள். தப்புவதற்காக அவசரக் கலியாணங்கள் நடந்தன. பெற்றோர் குழி வெட்டிப் பிள்ளைகளை ஒளித்தார்கள். சொற்பப் பயிற்சியோடு பல்குழலுக்கும் கிபிருக்கும் முன்னால் நிறுத்தப்பட்டவர்களால் போரின் போக்கு மாறவில்லை. இன்றைய போர் தலைக்கணக்கில் நடப்பதில்லை.

போரை விடுவோம்; ஊர் என்ன ஆனது? அதை நாவல்தான் கேட்கவேண்டும். கரியேக்கு ஒரு வசதி இருந்தது. சவப்பெட்டி சுமந்துவரும் சிப்பாய்கள் ஆங்கிலம் பேசுகிறார்கள். வெறுக்க ஓர் அந்நியன் கிடைத்துவிடுகிறான். எங்கள் படலையில் நின்றவன் தமிழில் கதைத்தான். அதை எழுத கரியேயின் சிரிப்பு எமக்கு உதவாது. வெட்டிய கையை மறைக்காமல் முன்னால் வைத்த அவருடைய துணிவு உதவும்.