ஃபானி பிறைஸும் வாசகர் வழக்கும்

கதைத்தலைவி ஒருத்தியை வாசகர் விரும்புவதும் வெறுப்பதும் அவரவர் சுவையைப் பொறுத்தது என்று கூறி அமைந்துவிடுவோர் பலர். சுவை எங்கிருந்து பிறக்கின்றது என அவர்கள் வினவுவதில்லை. ஒருவர் சமுதாயத்தில் நிற்கும் இடத்திற்கும் அவர் எந்தப் பாத்திரத்தை நேசிக்கிறார் என்பதற்கும் தொடர்பு உண்டு. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரின் 1814இல் வெளியிட்ட 'மான்ஸ்பீல்ட் பார்க்' நாவலின் தலைவி ஃபானி பிறைஸ் பற்றி இரு நூற்றாண்டுகளாக நடைபெறும் வழக்கு இதற்குத் தக்க சான்றாகும்.

போர்ட்ஸ்மத் துறைமுக நகரில், பணிக்கு இயலாதவனாகிவிட்ட கீழ்நிலைப் படையதிகாரி ஒருவனின் மூத்த மகள் ஃபானி. பத்து வயதில் அவள் செல்வந்தரான பெரியப்பா சேர் தோமஸ் பேர்ட்ரமின் மாளிகையில் வளர்வதற்கு அனுப்பப்படுகின்றாள். அங்கு அவள் முற்றாக உறவினளுமல்லள், வேலைக்காரியுமல்லள். அவள் தனித்திருந்து படிக்கும் அறையில் குளிர்காலத்திலும் தீ மூட்டலாகாதென்பது மற்றொரு பெரியம்மாவான திருமதி நொறிஸின் கட்டளை. வீட்டு இளைஞர்களின் நாடகத்தில் நடிக்க மறுத்தபோதும், செல்வந்தனான ஹென்றி குறோபோட்டை மணக்க மறுத்தபோதும் அவள்மீது சுமத்தப்பட்ட குற்றம் ஒன்றே: நன்றிகெட்டவள்.

வழக்கு ஆசிரியையின் வீட்டிலேயே தொடங்கிவிட்டது. உற்றார் நண்பர் கூறிய கருத்துக்களை ஒஸ்ரின் தம் கைப்படக் குறித்து வைத்திருந்தார். அவருடைய தாயாருக்கு ஃபானி சாரமற்றவளாகத் தோன்றினாள். தமக்கை கசாண்ட்ராவுக்கோ அவள்மீது பிரியம். தமையனின் மைந்தர் இருவருள் ஒருவர் அவளைப் பாராட்ட, மற்றவர் வெறுத்தார். 1954இல் அமெரிக்க விமரிசகர் லயனல் ட்றிலிங், இத்தலைவியை விரும்ப எவராலும் இயலவில்லை என்னும் அளவுக்கு எழுதி, அதன் காரணத்தை ஆராயப் புகுந்தார். 1957இல் கிங்ஸ்லி ஏமிஸ் அவளுடைய ஒழுக்கத்தையே அருவருப்பானதெனச் சாடினார். 1999இல் இந்நாவலைத் திரைப்படமாக்கிய பற்றிசியா றொசீமா, ஃபானியைத் துடுக்கும் எழுத்தாற்றலும் மிக்கவளாக மாற்றியமைத்தார். அவளை விரும்பச் செய்வதற்கு அவளை வேறொருத்தியாக்க வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்பினரின் வாதங்களைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. அவள் அதிகம் பேசுவதில்லை; நகைப்பதில்லை; பிறரை மனத்தினுள்ளே அளந்துகொண்டிருக்கின்றாள். குறோபோட்டை மறுப்பதற்குக் கொள்கை மட்டுமன்றி, எட்மண்ட்மீது அவள் கொண்ட மறைவான காதலும் காரணம். நாம் மேல்வகுப்பு மாணவருக்கு இக்கதையைச் சொன்னபோது அவளைக் கோழை என்றோரும் உறுதியுடையவள் என்றோருமாக வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் மட்டும் அவர்கள் ஒன்றுபட்டனர்: பெரியம்மாவின் மகனை அவள் மணந்ததை எவரும் ஏற்கவில்லை. நமது முறையில் அவன் தமையன் அன்றோ!

ஆயின், 'கலகலப்பாக இருந்தாலென்ன?' என்று ஃபானியைக் கேட்போர், கலகலப்புக்கும் ஒரு விலையுண்டு என்பதை மறந்துவிடுகின்றனர். இந்நாவலில் எல்லோரையும் கவரும் நகைச்சுவைப் பேச்சுக்காரி மேரி குறோபோட். அவளிடம் 20,000 பவுண் சொந்தப் பணம் உண்டு. 1813இல் வெளிவந்த 'பிறைட் அன்ட் பிறெஜுடிஸ்' நாவலின் எலிசபெத் பெனற் துணிந்து பேசுகின்றாள். கொலின்ஸை மறுக்கையில் தந்தை அவள் பக்கம் நிற்கின்றார். நாளை அச்சொத்து கைமாறக்கூடுமாயினும், இன்று அவள் நிற்பது சொந்த வீட்டில். உண்பது சொந்தச் சோறு. ஃபானி உண்ணும் ஒவ்வொரு கவளமும் கடன். கடன்பட்டவளின் நகைச்சுவை, கடன் கொடுத்தவரின் காதில் ஆணவமாகவே விழும்.

அவளது மறுப்பைக் கூர்ந்து நோக்குவோம். 18 வயதினளான அவளுடைய தமையன் வில்லியத்துக்குக் கடற்படையில் லெப்டினன்ற் பதவியைச் செல்வாக்கினாற் பெற்றுக்கொடுத்த குறோபோட், அந்நற்செய்தியோடு சேர்த்தே தன் காதலையும் வெளியிடுகின்றான். அவனுக்கு ஆண்டுக்கு 4,000 பவுண் வருமானம். சேர் தோமஸ் வற்புறுத்துகின்றார். அவன் பெரியப்பாவின் மகள்மாருடன் விளையாடியதைத் தான் கண்ணாரக் கண்டதை அவள் கூறினாற் போதும். தன்மீதுள்ள பழி நீங்கிவிடும். ஆயினும் அப்பெண்களின் மானம் கருதி வாய்திறவாதிருக்கின்றாள். கோபமுற்ற பெரியப்பா, அக்கால இளம்பெண்களிடம் பெருகிவரும் சுதந்திர மனப்பான்மை அவளிடமும் தோன்றிவிட்டதாகக் கண்டிக்கின்றார். வாசகர் அவளை அடிமைப்புத்தி உடையவள் என்கின்றனர். வீட்டுத்தலைவரோ அடங்காதவள் என்கின்றார். அதிகாரத்தில் இருப்பவர் ஆபத்தை இனங்காணுவதில் பெரும்பாலும் தவறுவதில்லை. அவளுடைய 'மாட்டேன்' என்ற சொல்லில் இருந்த கலகம் அவருக்கு விளங்கிற்று. தண்டனையாக, வறுமை புத்தி புகட்டட்டும் என்று அவளைப் போர்ட்ஸ்மத்துக்கு அனுப்புகின்றார்.

இத்துடன் நிறுத்தி அவளைப் புரட்சிப் பெண்ணாக்கிவிடுதல் நம்மனோர்க்கு எளிது. எனினும் அது உண்மையாகாது. சேர் தோமஸின் செல்வத்தில் ஒரு பகுதி மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான அன்ரிகுவாவிலுள்ள அவரது தோட்டத்திலிருந்து வருவது. அக்காலத்து அன்ரிகுவாவின் கரும்புத் தோட்டங்கள் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பில் இயங்கியவை. 1807இல் பிரித்தானியா அடிமை வாணிபத்தைத் தடைசெய்த போதிலும், அதன் குடியேற்றங்களில் அடிமை முறை 1834 வரை நீடித்தது. அடிமை வாணிபம் பற்றி ஃபானி ஒருமுறை பெரியப்பாவை வினவுகின்றாள். மைத்துனமார் எவரும் வாய்திறவாமையால் மேற்கொண்டு கேளாது விடுகின்றாள். எட்வேர்ட் செயித் 1993இல் வெளியிட்ட நூலில் அம்மாளிகையின் ஒழுங்குக்கும் அத்தோட்டத்துக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டிய பின்னர், இப்பகுதியை எவரும் அசட்டையாகக் கடந்துசெல்ல இயலாது. தன் மனத்தை விற்க மறுத்தவள், பிறருடைய உடல்கள் விற்கப்பட்டு எழுந்த மாளிகையைத் தன் இல்லமென எண்ணி ஏங்குகின்றாள். ஈற்றில் அதன் குடும்பத்திலேயே மணமகளாகின்றாள்.

ஆகவே, ஃபானியைப் பற்றிய பிணக்கு வாசகரின் அறியாமையால் விளைந்ததன்று. தங்கிவாழ்வோரின் நிலையினுள்ளேயே அம்முரண்பாடு உறைகின்றது. தன்னைப் பொறுத்தவரையில் உறுதியாக 'மாட்டேன்' எனச் சொல்லக்கூடிய ஒருத்தி, தன்னைத் தாங்கும் கூரையைப் பற்றி அதே சொல்லைச் சொல்ல முடியாதவளாக இருக்கின்றாள். அவளைப் போற்றுவோர் முதற்பாதியைக் காண்கின்றனர். தூற்றுவோர் இரண்டாம் பாதியைக் காண்கின்றனர். இரண்டையும் ஒருங்கே எழுதியமையே ஒஸ்ரினின் யதார்த்த நோக்கு.

முற்போக்காளராகிய நாம் உரத்த குரலை எளிதில் நேசிக்கின்றோம். மேடையேறி முழங்கும் பாத்திரம் நமக்கு உவப்பானது. ஆனால், சமுதாயத்தில் பெரும்பாலோர் கடன்பட்டவராகவே வாழ்கின்றனர். அவர்களது எதிர்ப்பு முழக்கமாக அன்றி மறுப்பாகவே முதலில் வெளிப்படும். அதனைக் கேட்கப் பழகாத செவி, உண்மையான மக்களின் குரலையும் கேளாது. தேர்ச்சி அறிக்கையிலே, 'வகுப்பிற் பேசுவதில்லை' என்று ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே நாமும் எழுதியிருக்கின்றோம். அப்பிள்ளை யார் வீட்டில் வளர்கின்றாள், எவருடைய தயவிற் பள்ளிக்கு வருகின்றாள் என்று விசாரித்த பின்னர் எழுதினோமா? ஃபானி பிறைஸை மீண்டும் படிக்கையில் நம்மை உறுத்தும் கேள்வி இதுவே.