கைதட்டலும் கடிதமும்

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சிறிய ஊரின் வாசகசாலை ஆண்டு விழாவில் என் கதை ஒன்றை நானே வாசிக்கும்படி நேர்ந்தது. புதிதாக வெளிவந்திருந்த என் புத்தகத்தில் ஐம்பது பிரதிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு பிரசுரகர்த்தரும் கூட வந்திருந்தார். "நீங்கள் வாசித்தால் ஜனங்கள் வாங்குவார்கள், ஸார்" என்பது அவர் கட்சி. வாசித்தேன். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளும் இடத்தில் சபை சிரித்தது. முடிவில் கைதட்டினார்கள். நடுவில் ஒரு பாரா உண்டு. வீட்டு வேலைக்காரி கொல்லைக் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து பழையது சாப்பிடுவதைப் பற்றியது அது. அந்த இடத்தில் ஒருவர் இருமினார்; பின் வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அடுத்த ஊரில் அந்தப் பாராவை விட்டுவிட்டு வாசித்தேன். மூன்றாவது ஊரில், விட்டுவிட்டோம் என்ற நினைவுகூட எனக்கு இல்லை. புத்தகம் இரண்டாம் பதிப்புக்குப் போனபோது, கூட்டங்களில் வாசித்த பிரதியையே திருத்தப் பிரதியாக அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ப்ரூப் வந்தது. கதை தங்குதடையில்லாமல் ஓடியது. அப்படி ஓடுவதற்காக நான் எதைக் கொடுத்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குப் பிறகு நான் டிக்கன்ஸின் வாழ்க்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். கல்லூரியில் படித்த இரண்டு ஆண்டுகளில் அவர் நாவல்கள்தான் எனக்குத் துணை. ஆனால் அவர் தம் புத்தகங்களை எப்படி ஜனங்களிடம் கொண்டு போனார் என்பதை அப்போது நான் கவனித்ததே இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவன் தன் புத்தகத்தை விற்கப் புறப்படுவது கேவலம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. 1920-ல் கடையத்தில் இருந்த பாரதியார் தம் நூல்களை நாற்பது புத்தகங்களாக, புத்தகத்துக்குப் பதினாயிரம் பிரதி வீதம் அச்சிட்டு ஊரெங்கும் பரப்ப ஒரு திட்டம் போட்டு, பொருளுதவி கேட்டு நண்பர்களுக்குச் சுற்றுக்கடிதம் அனுப்பினார். வீட்டுக்கு வீடு வாங்கும் அன்றாடச் சாமான்களைப் போல அவை விற்றுப்போகும் என்று அவர் நம்பினார். திட்டம் பலிக்கவில்லை; அடுத்த வருஷமே அவரும் மறைந்தார். அந்தக் கடிதத்தைப் படிக்கிற எவனுக்கும் பாரதியார்மேல் இளக்காரம் தோன்றாது. தன் எழுத்து நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை எழுத்தோடு கூடவே பிறந்தது.

டிக்கன்ஸ் அந்த ஆசையைத் தொழிலாகவே நடத்தியவர். 1836-ல் 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதப் பகுதிகளாக வரத் தொடங்கியபோது முதல் பகுதி சில நூறு பிரதிகளே விற்றது. அடுத்த வருஷம் கதை முடியும்போது மாதத்துக்கு நாற்பதினாயிரம் போயிற்று. 1850-ல் 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' என்று சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். வாரா வாரம் வீட்டுக்கு வந்து கணப்பருகே உட்கார்ந்து பேசும் சிநேகிதனாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படியே இருந்தார். அந்த நெருக்கம் எதுவரை போயிற்று என்றால், 1858-ல் மனைவியைப் பிரிந்தபோது அதைப் பற்றிய விளக்கத்தை ஜூன் மாதம் அந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே போட்டார்! விஷயமே தெரியாதிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அவரே போய்த் தெரிவித்ததுதான் மிச்சம்.

ஆனால் இந்தப் பத்திரிகை வியாபாரம் அவர் எழுத்தைக் கெடுத்தது என்று சொல்ல முடியாது. அவருடைய அடுத்த பத்திரிகையான 'ஆல் தி இயர் ரவுண்ட்'டில் 1860-ல் வேறொருவர் எழுதிய தொடர்கதை எடுபடாமல் விற்பனை சரிந்தது. சரிவைத் தடுக்க டிக்கன்ஸ் தாமே ஒரு தொடர்கதையைத் தொடங்க வேண்டியதாயிற்று. அப்படி அவசரத்தில் பிறந்ததுதான் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. அவர் எழுதியவற்றில் கட்டுக்கோப்பான நாவல் அதுதான் என்பது என் கருத்து. வாரக் கெடு நல்ல எழுத்தாளனைக் கொன்றுவிடாது.

வாசகர்களுடைய கடிதமும் அவரைக் கெடுக்கவில்லை, திருத்தியிருக்கிறது. 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' வெளிவந்துகொண்டிருந்தபோது, அதில் வரும் குள்ள உருவப் பெண் தன்னையே வைத்து எழுதப்பட்டவள் என்று அறிந்த ஒரு பெண்மணி மனம் நொந்து கடிதம் எழுதினாள். டிக்கன்ஸ் வருத்தம் தெரிவித்தார். பின்வந்த பகுதிகளில் அந்தப் பாத்திரத்தை நல்லவளாக மாற்றினார். 'ஆலிவர் ட்விஸ்ட்'டில் ஃபேகின் என்ற திருட்டுக் கும்பல் தலைவனை மூச்சுக்கு மூச்சு 'யூதன்' என்று குறிப்பிட்டிருந்தார். 1863-ல் ஒரு யூதப் பெண்மணி, இது தங்கள் இனத்துக்குச் செய்த அநீதி என்று எழுதினாள். முதலில் தம் கட்சியை விட்டுக்கொடுக்காமல்தான் பதில் எழுதினார். ஆனால் அடுத்த நாவலில் ரையா என்ற நல்ல யூதக் கிழவரைப் படைத்தார். 1867-ல் வந்த பதிப்பில் பழைய நாவலிலும் அந்தச் சொல்லைப் பல இடங்களில் நீக்கினார். ரையா உயிருள்ள பாத்திரம் இல்லை; பரிகாரத்துக்காகச் செய்த பொம்மை. இருந்தாலும் ஒரு வாசகியின் கடிதம் உலகப் புகழ் பெற்ற ஓர் ஆசிரியனை இருபத்தைந்து வருஷம் முந்தைய தன் புத்தகத்தைத் திறந்து பார்க்க வைத்தது சின்ன விஷயமா?

அப்படியானால் கெடுதல் எங்கே வந்தது? மேடையில்.

1853 டிசம்பரில் பர்மிங்ஹாமில் ஒரு தர்ம காரியத்துக்காக 'கிறிஸ்துமஸ் கரோல்' கதையை டிக்கன்ஸ் வாசித்தார். தொழிலாளிகளுக்கென்று குறைந்த கட்டணத்தில் ஓர் இரவு வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். 1858 ஏப்ரலிலிருந்து பணத்துக்காக வாசிக்க ஆரம்பித்தார். அவருடைய நண்பர் ஃபார்ஸ்டர் இதைக் கடுமையாக ஆட்சேபித்தார். எழுத்தாளனுடைய கௌரவத்துக்கு இது குறைவு என்பது அவர் வாதம். டிக்கன்ஸ் கேட்கவில்லை. தாமே திட்டமிட்ட ஒரு மேஜை, பின்னால் திரை, முகத்தில் விழும்படி எரிவாயு விளக்கு என்று சகல ஏற்பாடுகளுடனும் ஊர் ஊராகப் போனார். அந்த ஒரே சுற்றில் எண்பதுக்கு மேற்பட்ட வாசிப்புகள். பாத்திரத்துக்கு ஒரு குரல், ஒரு முகம். முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடம். புத்தகம் கையில் இருந்ததெல்லாம் பேருக்குத்தான்.

'கரோல்' 1843-ல் கோபத்தில் பிறந்த கதை. சுரங்கங்களிலும் பட்டறைகளிலும் வேலை செய்த குழந்தைகளைப் பற்றிய அரசாங்க அறிக்கையைப் படித்துக் கொதித்துப்போய், முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுத எண்ணி, பிறகு அதைவிட வலுவாக அடிக்கக் கதைதான் சரி என்று தீர்மானித்து எழுதினார். அந்தக் கதையின் நடுவில் ஓர் இடம் வருகிறது. பண்டிகை விருந்தின் ஆவியாக வருபவர் தம் அங்கியை விலக்குகிறார். காலடியில் எலும்பும் தோலுமாக இரண்டு குழந்தைகள். பையன் அறியாமை, பெண் வறுமை. கதையின் நெஞ்சு இது என்று நான் சொல்வேன்.

மேடையில் வாசிப்பதற்காக டிக்கன்ஸ் கதையைச் சுருக்கினார். முதலில் மூன்று மணி நேரம் பிடித்ததை இரண்டு மணிக்குள் அடக்கினார். பேனாவின் வெட்டு விழுந்த இடங்களில் அந்த இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். நொண்டிச் சிறுவன் டிம் பிழைத்துக்கொண்டான் என்று சொல்லும் இடம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த இடத்தில்தானே சபை ஆரவாரிக்கிறது! கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனம் லேசாகி வீட்டுக்குப் போயிற்று. எந்தக் குழந்தைகளுக்காகக் கதை எழுதப்பட்டதோ அவர்களுக்கு மண்டபத்தில் இடம் இல்லாமல் போய்விட்டது.

அவர் வாசித்த மற்றவற்றையும் பாருங்கள். 'பிக்விக்'கின் கோர்ட்டுக் காட்சி, குடிகார மருத்துவச்சி கேம்ப் அம்மாள், 'காப்பர்ஃபீல்ட்', சின்னஞ்சிறு டாம்பியின் சாவு. ஒன்று சிரிப்பு, இல்லாவிட்டால் கண்ணீர். வழக்கு மன்றத்தின் அக்கிரமத்தைச் சொல்லும் 'ப்ளீக் ஹவுஸ்' மேடைக்கு வரவே இல்லை. கடன்காரர் சிறையையும் சர்க்கார் ஆபீஸ்களின் இழுத்தடிப்பையும் கிழித்துக் காட்டிய 'லிட்டில் டாரிட்'டும் வரவில்லை. 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'ஸைச் சுருக்கித் தயார் செய்து வைத்திருந்தார். ஒரு நாளும் வாசிக்கவில்லை. அவருடைய மேதை முழுவதும் எந்த நாவல்களில் முதிர்ந்து நிற்கிறதோ அவற்றை அவரே வெளியில் விட்டுவிட்டுத்தான் மேடை ஏறினார்.

கடைசியில் சிரிப்பும் கண்ணீரும் போதவில்லை. 1869 ஜனவரியிலிருந்து, நான்ஸி என்ற பெண்ணை ஸைக்ஸ் அடித்துக் கொல்லும் காட்சியை நடித்துக் காட்ட ஆரம்பித்தார். நாடித் துடிப்பு 72-லிருந்து 110-க்கு மேல் ஏறுவதை வைத்தியர் பக்கத்தில் இருந்தே குறித்தார். ஏப்ரலில் உடம்பு ஒடிந்து சுற்றுப்பயணம் நின்றது. கொஞ்சம் தேறியதும் மறுபடி மேடை. 1870 மார்ச் 15-ல் கடைசி வாசிப்பு. ஜூன் 9-ல் காலமானார். 1865-ல் 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' முடிந்த பிறகு அவர் முழு நாவல் ஒன்றும் எழுதி முடிக்கவில்லை. 'எட்வின் ட்ரூட்' பாதியில் நின்றது.

அவரைக் குறை சொல்வது சுலபம். பெரிய குடும்பம், பிரிந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்தான் சம்பாதிக்க வேண்டும். அமெரிக்காவில் 1867-68 குளிர்காலத்தில் வாசித்தது மட்டுமே சுமார் 19,000 பவுன் கொடுத்தது. அவர் விட்டுப்போன சொத்தில் ஏறக்குறைய பாதி வாசிப்புகளில் வந்தது. அதோடு, வீடு உடைந்துபோன மனிதனுக்கு இரண்டாயிரம் பேர் எழுந்து நின்று ஆரவாரிப்பது எத்தனை பெரிய ஆறுதல்! ஐம்பது பேர் கைதட்டியதற்கே புத்தி பேதலித்த நான் அவர்மேல் கல் எறிவதற்கில்லை.

ஆனால் ஃபார்ஸ்டர் சொன்னது தப்பான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கௌரவம் குறைந்ததா, கூடியதா என்பது பிரச்சினையே அல்ல. கடிதம் எழுதுகிறவள் புத்தகத்தைத் தனியாகப் படித்தவள். உறுத்திய இடத்தைச் சொல்லத்தான் பேனாவை எடுக்கிறாள். கைதட்டுகிற கூட்டத்துக்கு உறுத்தல் பிடிக்காது. பிடித்த இடத்தை மறுபடி கேட்கும். எழுத்தாளன் இந்த இரண்டையும் 'வாசகர் ஆதரவு' என்ற ஒரே பெயரால் அழைத்துக்கொள்கிறான். அங்கேதான் அவன் ஏமாந்து போகிறான்.

எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு தபால் கார்டு. இரண்டாவது ஊர்க் கூட்டத்தில் புத்தகம் வாங்கிய ஒருவர் எழுதியிருந்தார். கையெழுத்தைப் பார்த்தால் வயதானவர். 'தாங்கள் வாசித்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். வீட்டில் படித்தபோது கிணற்றடிப் பாரா ஒன்று இருக்கிறது. அன்று அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?' அவ்வளவுதான். பதில் எழுதத் தோன்றாமல் கார்டைப் புத்தகத்துக்குள் செருகி வைத்திருந்தேன். ப்ரூப் பார்க்கும் நேரத்தில் அது கீழே விழுந்தது.

அந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்ததே அந்தக் கிணற்றடிக்காகத்தான். பாராவை மறுபடி சேர்த்தேன். பக்கங்களை மாற்றி அமைக்க வேண்டியிருந்ததால் பிரசுரகர்த்தருக்குக் கோபம். இப்போதும் கூப்பிட்ட ஊருக்குப் போகிறேன், கதை வாசிக்கிறேன், பிரதிகள் விற்றால் சந்தோஷப்படுகிறேன். அந்தப் பாரா வரும்போது இன்றைக்கும் யாராவது இருமத்தான் செய்கிறார்கள். இருமி முடிக்கும்வரை காத்திருந்து விட்டு, மேலே வாசிக்கிறேன்.