செவிக்கு எட்டிய கதை, கைக்கு எட்டாத நூல்

இடைசெவலில் 1923-இல் பிறந்த கி. ராஜநாராயணன், தம் வாழ்வின் பிற்பகுதியை நம் புதுவையில் கழித்து, 2021 மே 17-ஆம் நாள் இங்கேயே கண்மூடினார். அவரது பேச்சை யூடியூபில் கேட்டு மகிழ்ந்தோர் நம் பங்குகளிலும் உளர். ‘கோபல்ல கிராமம்’ படித்தீர்களா என வினவினால், அவர்களுள் பலர் புன்னகையோடு நிறுத்திக்கொள்கின்றனர்.

இதனால் பாட்காஸ்டும் முகநூலும் நூலுக்குப் பகை எனத் தீர்ப்பிடுவது அவசரமாகும். வாய்மொழிக் கதைகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றியவரே கி.ரா. செவியிலிருந்து தாளுக்குச் சென்றவை இன்று செவிக்கே மீள்கின்றன, இதில் இழப்பென்ன?

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. திருவண்ணாமலையின் பவா செல்லதுரை பிறர் எழுதிய கதைகளைச் சொல்லும் பதிவுகளால், எழுத்தாளர் பலருடைய பெயர்கள் புதிய இல்லங்களுக்குள் நுழைந்துள்ளன. இது பெருந்தொண்டு. ஆயினும் சொல்பவர் தருவது கதையின் நிகழ்ச்சியை, சொற்களோ அவருடையவை. கி.ரா.வின் கதை இதனைத் தாங்கும், ஏனெனில் அவர் தாளிலும் பேசினார். மௌனியின் கதையை அவ்வாறு சொல்லிப் பாருங்கள். கையில் ஒன்றும் மிஞ்சாது. நம் ஊர் பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அதனை அரைமணி நேரத்தில் சுருக்கினால் துய்ப்ளேக்சும் ஆனந்தரங்கப் பிள்ளையும் எஞ்சுவர். அவர்களைத் தரப் பள்ளி வரலாற்று நூலே போதும்.

386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் புனித அகுஸ்தினார் கேட்ட குழந்தைக் குரலை இங்கு எண்ணிப் பார்க்கிறோம். அக்குரல் பவுலடியாரின் திருமுகத்தைச் சுருக்கி உரைக்கவில்லை. நூலை எடுக்கச் சொல்லியதோடு அதன் பணி முடிந்தது. எழுத்தாளருக்காகப் பேசும் எக்குரலையும் நாம் இவ்வளவுகோலால்தான் அளக்கிறோம்.

எழுத்தாளரே கேமராவின் முன் பேச்சாளராக மாறவேண்டும் என்பதும் தேவையற்ற சுமை. (கூச்சமுள்ளவர்களும் நன்றாக எழுதத்தானே செய்கிறார்கள்!) ஜெயமோகன் 2014 சனவரி முதல் 2020 சூலை வரை ‘வெண்முரசு’ நாவல் வரிசையைத் தம் இணையதளத்தில் நாள்தோறும் அத்தியாயம் அத்தியாயமாகக் கட்டணமின்றி வெளியிட்டார், நாவல்கள் 26. வாசகரைச் சேர்த்தது எழுத்தேதான். புதுவையிலும் அதனைக் கூடிப் பேசும் வாசகர் குழு உருவாயிற்று.

கருவியை அஞ்சுவது நம் மரபன்று. வீரமாமுனிவரின் தேம்பாவணியை 1851 முதல் 1853 வரை மூன்று பகுதிகளாக அச்சிட்டது புதுவை மாதா கோவில் அச்சகமே. ஓலைச்சுவடியிலிருந்த காவியம் அச்சில் தன் சொல் குன்றாமல் வந்தது. அதே கட்டுப்பாட்டை வலையொலி நடத்தும் நம் இளைஞர்களிடமும் கேட்கிறோம். திருப்பலியில் முதலில் வாசகம், பின்னரே மறையுரை. வாசகர் திருமுகத்தைத் தம் சொற்களில் கூறுவதில்லை. அவ்வாறே ஆசிரியரின் இசைவு பெற்று, ஒரு சிறுகதையை எழுதியபடியே வாசியுங்கள். விளக்கம் பின்னர் வரட்டும். நாவலாயின் ஓர் அத்தியாயத்தோடு நிறுத்துங்கள். நூலின் பெயர், பதிப்பகம், விலை, கிடைக்குமிடம் ஆகியவற்றைத் தெளிவாக, இருமுறை சொல்லுங்கள்.