பன்றி ரூபாய்: 58-ஆ, 62-ஆ?

மேசைமேல் மூன்று ஸ்லாப்கள், அதாவது தரத்தைச் சீட்டில் எழுதி நாணயத்தை அடைத்த பிளாஸ்டிக் உறைகள். மூன்றுக்குள்ளும் இருப்பது ஒரே நாணயம், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1911 வெள்ளி ரூபாய். ஒன்றின் சீட்டில் ஏயூ 58, அடுத்ததில் எம்எஸ் 62, மூன்றாவதில் எம்எஸ் 64. 58-க்கும் 62-க்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம். 64-க்குப் போனால் இந்த வருடம் வேறு நாணயம் வாங்க முடியாது. எதை எடுப்பது?

முதலில் காசின் கதை. அரசரின் அங்கிமேல் கிடக்கும் சங்கிலியில் ஒரு சின்ன யானை உண்டு. தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்புக் கிளம்பியது. ரூபாய் திரும்பப் பெறப்பட்டு, 1912-ல் யானையைத் திருத்திப் புது அச்சு வந்தது. சுமார் 94 லட்சம் அடித்ததில் வெளியே போனது ஏறக்குறைய 7 லட்சம். மீதி உருக்கப்பட்டது என்பது நூல்களில் உள்ள கணக்கு.

இந்த 7 லட்சத்தைச் சொல்லித்தான் விற்பவர்கள் விலையை ஏற்றுகிறார்கள். ஆனால் 1911 ரூபாய் அரிய காசு இல்லை. நாணயக் கண்காட்சி எதற்குப் போனாலும் நாலைந்து கண்ணில் படும். 1939 ரூபாய் வேறு சங்கதி. அது கிடைத்தால் என்ன தரம் என்று கேட்காமல் வாங்க வேண்டிய காசு. 1911-க்கு அந்த அவசரம் தேவையில்லை. பொறுத்திருந்து பொறுக்கி எடுக்கலாம். என் தீர்ப்பின் பாதி இதிலேயே அடங்கியிருக்கிறது.

இனி எண்ணுக்கு வருவோம். 70 புள்ளி அளவை 1949-ல் வில்லியம் ஷெல்டன் கொண்டுவந்தார், அதுவும் பழைய அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காக. அடிப்படை விலையைப் புள்ளியால் பெருக்கினால் சந்தை விலை வரவேண்டும் என்பது அவர் கணக்கு. அதாவது அது அழகை அளக்க வந்த அளவுகோல் இல்லை, விலை சொல்ல வந்தது. 1980-களின் பிற்பாதியில் பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற தரமிடும் நிறுவனங்கள் இரண்டும் அதை எல்லா நாணயத்துக்கும் பொதுவாக்கின. 60-க்கும் அதற்கு மேலும் (எம்எஸ், அச்சுச் சாலை நிலை) என்றால் புழக்கத் தேய்மானம் துளியும் இல்லை என்று பொருள். 58 (ஏயூ, ஏறக்குறைய புழங்காதது) என்றால் மேடான இடங்களில் லேசாகத் தேய்மானம் தொட்டிருக்கிறது. இந்தக் கோட்டைத் தாண்டிவிட்ட காசு எத்தனை அடி வாங்கியிருந்தாலும் 60-க்குக் கீழே இறங்காது. சிக்கல் இங்கேதான். அச்சுச் சாலையிலிருந்து மற்றக் காசுகளோடு ஒரே பைக்குள் இடிபட்டு, கன்னத்தில் வெட்டு விழுந்து வந்த காசுக்கு 61, 62 கிடைக்கும். யாரோ கொஞ்ச நாள் கையாண்டு, பிறகு பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த அழகான காசு 58-ல் நின்றுவிடும்.

மூன்றையும் ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பார்த்தேன். 62-ல் அரசரின் கன்னத்தில் குறுக்காக ஒரு கீறல். முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் பை உரசல்கள் கும்பலாக. கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். 58-ல் கிரீடத்தின் உச்சியிலும் புருவத்திலும் வெள்ளி சற்றே சாம்பல் பூத்திருந்தது. ஆனால் வெற்றிடத்தில் ஒளி வண்டிச் சக்கரம்போல் அறுபடாமல் சுற்றியது. இதைத்தான் லஸ்டர் என்கிறோம். அச்சு அழுத்தும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடிய நுண்ணிய வரிகள் வெளிச்சத்தைத் திருப்புவதால் வருவது அது. அமிலத்தில் முக்கி எடுத்தால் அந்த வரிகள் கரையும். காசு வெள்ளையாகும், ஒளி செத்துப்போகும். 64-ல் லஸ்டரும் இருந்தது, கன்னமும் சுத்தம். அதை மறுப்பதற்கில்லை, மூன்றில் அதுதான் அழகு. ஆனால் சங்கிலியில் அந்த விலங்கு 58-ல் எவ்வளவு தெளிவோ 64-லும் அவ்வளவுதான். இந்தக் காசை வாங்குவதே அந்த விலங்குக்காக.

மறுவாதத்தையும் சரியாக எடைபோட வேண்டும். எம்எஸ் என்ற இரண்டு எழுத்துக்கு விற்கும்போது மதிப்புண்டு. ஏலத்தில் பலர் சீட்டைத்தான் வாங்குகிறார்கள். 62 சீக்கிரம் கைமாறும். உண்மை. ஆனால் அந்த வேகத்துக்கு நீங்கள் வாங்கும்போதே பணம் கட்டிவிடுகிறீர்கள். பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிற ஒரு கீறலுக்காகக் கூடுதலாகக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஸ்லாபே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். நம் ஊர் வெள்ளி ரூபாய்களில் எத்தனை புளியும் சாம்பலும் கண்டவை, எத்தனை காசுமாலையில் கோத்து வளையம் பற்றவைக்கப்பட்டவை! அந்தத் தழும்பை நிரவி விற்பார்கள். போலியையும் பற்றவைப்பையும் வடிகட்ட ஸ்லாப் உதவுகிறது. அந்த வேலைக்கு அதை நம்பலாம். ஒரு புள்ளி கூடுமா, குறையுமா என்பதற்கு நம் கண்ணே போதும். நூறு வருடம் கடந்த காசு 1972 சட்டப்படி தொல்பொருள், நாட்டைவிட்டு அனுப்பத் தடை உண்டு. ஆகவே ஸ்லாபை உடைத்து மறுபடி வெளிநாட்டுக்கு அனுப்பி 58-ஐ 62 ஆக்கிவிடலாம் என்ற கணக்கும் வேண்டாம்.

வானவில் டோனிங் என்று கூடுதல் விலை கேட்டால் என் பதில் உறுதியாக 'வேண்டாம்'. வெள்ளியில் கந்தகம் படிந்து மஞ்சள், ஊதா, நீலம் என்று வரிசையாக வரும் நிறம் அழகுதான். அந்த வரிசை தப்பி, எழுத்துமேலும் பள்ளத்திலும் ஒரே பூச்சாகக் கிடந்தால் அது அடுப்படி வேலை.

ஆகவே 58-ஐ எடுக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: வெற்றிடத்தில் ஒளி சுற்ற வேண்டும். மேட்டில் தேய்மானமும் பள்ளத்தில் வறண்ட வெள்ளையுமாக ஒரு 58 வந்தால், அது முக்கியெடுத்த காசு. அதற்கு 62-ஏ மேல். 62-ல் கீறல்கள் பின்பக்கம் இருந்து முகம் சுத்தமாக இருந்தாலும் 62-க்கே போவேன். இந்த மேசையில் கீறல் கன்னத்தில் இருக்கிறது. 64-க்குக் கேட்ட பணத்தில் 58-ஐ வாங்கி, அதன் பக்கத்தில் வைக்க தும்பிக்கை திருத்திய 1912 ரூபாய் ஒன்றையும் வாங்கலாம். இரண்டு யானையும் அடுத்தடுத்து இருந்தால்தான் 1911-ல் என்ன தவறியது என்பது கண்ணுக்குத் தெரியும்.