நின்றது, நின்றிருந்தது

ஒரகடத்து உதிரிபாக ஆலையொன்றில் வேலை பார்க்கும் இளைஞனுக்கு சார்ஜ் ஷீட் வந்தது. இவன் இடத்தை விட்டுப் போனதால் மெஷின் நின்றதாம். 'யூ வேர் ஃபவுண்ட் அப்சென்ட்' என்கிறது வாசகம். கண்டது யார்? செயப்பாட்டுவினைக்குள் சூப்பர்வைசர் சௌகரியமாக ஒளிந்துகொள்கிறார்.

பதில் எழுத நான்தான் உட்கார்ந்தேன். அவன் சொன்னது: "நான் போறப்பவே மெஷின் நின்னு போயிருந்துச்சு தோழர்." நான் எழுதியது: 'வென் ஐ லெஃப்ட், த மெஷின் ஸ்டாப்டு.' அதாவது, நான் போனேன், மெஷின் நின்றது. செய்யாத தப்பை அவன் பேரில் நானே ஒப்புக்கொண்டுவிட்டேன்!

அவன் வாக்கியத்தின் உயிர் இரண்டு இடத்தில் இருக்கிறது: 'போறப்பவே'யின் ஏகாரம், பிறகு அந்த 'இருந்துச்சு'. முதலாவதற்கு 'ஆல்ரெடி' வேண்டும், அடுத்ததற்கு 'ஹேட்'. தமிழுக்கு மூன்றே காலம், ஆங்கிலத்துக்குப் பன்னிரண்டு என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவர்கள் நாம். 'இரு' என்ற துணைவினை பார்க்கும் வேலையைக் கவனித்ததேயில்லை. ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஐந்து பொருளில் முதலாவது தேற்றம். தொழிலாளியின் அழுத்தம் அந்த ஓரெழுத்தில்தான் நிற்கிறது. நிர்வாகத்துக்கோ நோட்டீஸ் போர்டு முழுக்கப் பெரிய எழுத்து: 'ஷல் நாட்'. (இந்த 'ஷல்' எதிர்காலமே அல்ல, கட்டளை.)

1946ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டம், நிலையாணைகளை ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் வாசலருகே வைக்கச் சொன்னது. விதியைப் படிக்கத் தமிழ் ஆகும், பதில் சொல்ல மட்டும் ஆகாது என்று நாமாகவே ஏன் முடிவுகட்டினோம்?

இரண்டாவது கடிதத்தில் அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். மொழிபெயர்ப்பை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். 'ஹேட்' போட்டார்களா என்று விசாரணையில் கேட்பதாக இருக்கிறோம்.