வருணனையும் ஐம்புலனும்

வருணனைக் கட்டுரை என்றதும் அழகிய சொற்களை அடுக்குவதே அதன் இலக்கணம் என்று கருதுவோர் பலர். ‘காலைக் காட்சி’ என்று தலைப்புக் கொடுத்தால் கதிரவன் பொற்கதிர் வீசுவான், பறவைகள் பண்பாடும், தென்றல் தவழும். ஐம்புலனும் தோன்ற எழுதுமாறு ஆசிரியர் பணித்தாலோ, மாணவர் புலனுக்கு ஒன்றாக ஐந்து வாக்கியம் எழுதிவிடுவர். கணக்குச் சரியாக இருக்கும், காட்சிதான் இராது. இக்குறை எங்கிருந்து வருகிறது?

குறுந்தொகையின் 167ஆம் பாடல் இதற்கு விடை தருகிறது. கூடலூர் கிழார் பாடிய அச்செய்யுள் ஆறே அடிகளால் ஆனது. மணமான பெண்ணின் இல்லத்திற்குச் சென்று திரும்பிய செவிலித்தாய், தான் கண்டதை நற்றாய்க்குக் கூறுகிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த மென்மையான விரல்கள். துவைக்க வேண்டியதைத் துவைக்காமலே உடுத்த ஆடை. கண்ணில் நிறையும் தாளிதப் புகை. அவள் தானே முயன்று சமைத்த புளிக்குழம்பு. அதனை உண்ட கணவன் பாராட்டிய ஒரு சொல். அதைக் கேட்ட அவள் முகத்தில் தோன்றியும் தோன்றாத மகிழ்ச்சி. பாடல் அவ்வளவே.

ஊறு, ஒளி, நாற்றம், சுவை, ஓசை என ஐந்தும் இதில் உள்ளன. ஆயினும் ஐந்து இருப்பதால் பாடல் சிறக்கவில்லை. தாளிதம் மணந்தது என்று புலவர் கூறவில்லை. புகையைக் கண்ணில் படியவிட்டார். மணமும் எரிச்சலும், அடுப்பை விட்டு அகலாத அவள் முனைப்பும் அந்த ஒரு செய்தியில் அடங்கிவிட்டன. காதல் என்ற சொல்லையே அவர் கையாளவில்லை என்பதும் கருதத்தக்கது.

இதனினும் முதன்மையானது, காண்பவர் யார் என்பதாகும். மகள் நலமாக வாழ்கிறாளா என்பதே நற்றாயின் கவலை. செவிலியோ அவளை வளர்த்தவள். அவ்விரல்களின் மென்மையை அறிந்தவள். ஆகவேதான் அவள் கண் வீட்டின் சுவரையோ முற்றத்தையோ நாடாமல் விரலையும் ஆடையையும் முகத்தையும் நாடுகிறது. ஒவ்வொரு புலன்செய்தியும் தாயின் வினாவுக்கு விடையாகிறது. மனத்தில் வினா இருந்தால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது தானே விளங்கும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கிக் கூறவில்லையா என்று சிலர் வினவலாம். கூறினார்; ஆனால், அங்கே மகளிர் பூக்களைப் பறித்துப் பாறைமேல் குவிக்கின்றனர். குவியலைக் காட்ட அடுக்கு பொருந்தியது. அம்முறையை எல்லா இடத்திற்கும் கொண்டு செல்வது பொருந்தாது.

மாணவர் கட்டுரையில் இல்லாதது சொல்வளம் அன்று; காண்பவனே அங்கு இல்லை. மனப்பாடம் செய்த காலைப்பொழுது எந்த ஊருக்கும் உரியதாகலாம். இரப்பர் மரம் சீவும் தோட்டத்துச் சிறுவனுக்கோ அவனுக்கே உரிய விடியல் ஒன்று உண்டு. இருள் பிரியுமுன் தகரக் கூரையில் மழை விழும் ஓசை கேட்கிறது. மரம் நனைந்தால் பால் வெட்ட இயலாது. அம்மாவுக்கு அன்றைய வருமானம் இல்லை. படுத்தபடியே மழை வலுக்கிறதா, ஓய்கிறதா என்று அவன் செவி சாய்க்கிறான். அந்த ஓர் ஓசை பொற்கதிர் பத்தினும் மேலான வருணனையாகும். மற்ற நான்கு புலன்களும் வரவில்லையே என்று மதிப்பெண் குறைப்பது முறையன்று.

ஆதலின், “என்ன கண்டாய், என்ன கேட்டாய்?” என்று வினவுவதோடு ஆசிரியர் நின்றுவிடலாகாது. “எதை அறிய நோக்கினாய்? எதற்காகச் செவி சாய்த்தாய்?” என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடைகாணும் மாணவன் இரவல் தென்றலைத் தேடமாட்டான்.