கொல்லிமலையில் சீருடை: துணியும் விதியும்

சீருடைக்கு ஆதரவாக நாம் காலங்காலமாகச் சொல்லி வரும் வாதம் ஒன்றுதான். எந்தப் பிள்ளை வசதியானது, எது எந்தச் சாதி என்பது வகுப்பறையில் கண்ணில் படக்கூடாது. 1950களின் இறுதியில், காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் காலத்திலிருந்தே இந்தப் பேச்சு நம்மிடம் உண்டு. சமவெளியிலேயே அது முழுதாகப் பலித்தது என்று சொல்ல முடியாது. ஒரே சட்டை போட்ட பிள்ளைகள் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தில் சாதியைக் காட்டினார்கள். நாங்குநேரியில் சாதி காரணமாக ஒரு பள்ளி மாணவர் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024இல் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைக்க வேண்டி வந்தது.

கொல்லிமலையில் நிலைமையே வேறு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்த ஊராட்சிகள். அங்குள்ள தொடக்கப் பள்ளிகளில் படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடிக் குழந்தைகள். வீட்டுப் பிழைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மரவள்ளி, மிளகு, காப்பி, கூலி. சீருடை மறைக்க வேண்டிய வேறுபாடு அங்கே குறைவு. அப்படியானால் அதனால் அங்கே என்ன பயன்? துணியாக அது நிறையவே பயன்படுகிறது என்பேன். விதியாக மாறும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது.

முதலில் துணி. 1985இல் எம்.ஜி.ஆர். அரசு விலையில்லாச் சீருடைத் திட்டத்தைத் தொடங்கியபோது பிள்ளைகளுக்கு உடை, நெசவாளர்களுக்கு வேலை என்று ஒரே செலவில் இரண்டு காரியங்களைச் சேர்த்தது. ஈரோடு, திருச்செங்கோடு பக்கத்து விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களில் நெய்யும் துணியை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கின்றன. திருச்செங்கோடும் கொல்லிமலையும் ஒரே நாமக்கல் மாவட்டம் என்பதை நினைத்தால், அடிவாரத்துத் தறி மலைமேல் உள்ள பிள்ளைக்கு உடுத்துகிறது என்றே சொல்லலாம். 2012–13 முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு செட். சத்துணவு உண்ணும் பிள்ளைக்குத்தான் என்று ஒரு நிபந்தனை உண்டு. அது தேவையில்லாத முடிச்சு.

நான்கு செட்டின் அருமை ஐப்பசி மழையில் தெரியும். மலையில் மேகம் இறங்கிவிட்டால் துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் போட்டால் ஈரம் போகும், புகை வாசம் ஏறிவிடும். இரண்டே செட் இருக்கும் வீட்டில் பிள்ளை ஈரச் சட்டையோடு போக வேண்டும், இல்லாவிட்டால் போகாமலே நிற்க வேண்டும். அந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தத் திட்டத்தை நான் குறை சொல்லத் தயங்குவேன்.

ஆனாலும் குறை சட்டையின் அளவில் இருக்கிறது. ‘வளர்ற பிள்ளைதானே’ என்று பெரிதாகவே வாங்கிப் பழகிய சமூகம் நாம். அரசுச் சட்டையும் பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேரும். தோள்பட்டை முழங்கைப் பக்கம் தொங்கும். பாவாடை இடுப்பில் நிற்காது, ஊக்குதான் துணை. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதும் காட்சியை அரசுப் பள்ளி ஆசிரியர் எவரும் கண்டிருப்பார். இலங்கை இதற்கு வேறு வழி பிடித்தது. 1990களின் தொடக்கத்தில் அதிபர் பிரேமதாசா காலத்தில் அங்கே துணியாகவே கொடுத்தார்கள். அளவு சரியாக அமையும். தையல் கூலி பெற்றோர் தலையில் விழும். அதிலும் வெள்ளைத் துணி. நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் நடந்து வரும் பிள்ளைக்கு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அங்கே துணி துவைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வகையில் நம் தொடக்க வகுப்புகளுக்கு வந்த பச்சைக் கட்டம் புத்திசாலித்தனம். செம்மண் படிந்தாலும் சட்டென்று தெரியாது. பலாப்பால் கறைக்கு மட்டும் எந்த நிறமும் ஈடுகொடுக்காது; பள்ளி திறந்து புதுச் சட்டை கைக்கு வருவதும் மலையில் பலா பழுப்பதும் ஒரே பருவத்தில்.

இனி விதி. மேற்குக் கென்யாவில் பொருளாதார அறிஞர்கள் எஸ்தர் டூஃப்லோ, பாஸ்கலின் டூபா, மைக்கேல் கிரெமர் மூவரும் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. இலவசச் சீருடை கொடுத்த பள்ளிகளில் இடைநிற்றல் குறைந்தது என்று அது காட்டியது. சீருடைத் திட்டங்களுக்குச் சாதகமாக இதை மேற்கோள் காட்டுகிறார்கள், சரிதான். அதே முடிவை மறுபக்கமிருந்தும் படிக்கலாம். சீருடை கிடைத்ததும் பிள்ளை பள்ளியில் தங்குகிறது என்றால், அது இல்லாததும் ஒரு தடையாக இருந்திருக்கிறது. ஒழுங்குக்குச் சீருடை வேண்டும் என்பாரும் உண்டு. ஜப்பானில் பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சீருடையே கிடையாது. அங்கே ஒழுங்கு கெட்டுப்போனதாக யாரும் சொல்லக் காணோம்.

நம் பள்ளிகளில் அரசு கொடுப்பதற்கு மேலே ஒரு பட்டியல் தானாக வளர்கிறது. இரட்டைச் சடை, ரிப்பன், பெல்ட், சில இடங்களில் டை. தனியார் பள்ளி வேன்கள் மலைக் கிராமங்கள்வரை வருவதால், அரசுப் பள்ளியும் சளைத்ததல்ல என்று காட்ட ஆசிரியர்களுக்கு ஓர் ஆசை. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. பெற்றோரும் அதை விரும்புவார்கள். ஆனால் ரிப்பனும் பெல்ட்டும் கூலிக்காசில் வர வேண்டியவை. பிறந்தநாள் என்றால் கலர் டிரஸ் போடலாம் என்ற சலுகைகூட அப்படித்தான். அன்று புதுச் சட்டை இல்லாத பிள்ளை பச்சைக் கட்டத்திலேயே வந்து யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

மார்கழிக் குளிரில் விதி இன்னும் அபத்தமாகிறது. மலைப் பகுதிப் பிள்ளைகளுக்கென்று கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, காலுறை, பூட்ஸ் கொடுக்கும் திட்டங்கள் அரசிடம் உண்டு. இது மலையை மலையாகப் பார்த்த முடிவு, பாராட்ட வேண்டும். கம்பளிச் சட்டை தாமதமானாலோ சிறிதாகிவிட்டாலோ, பிள்ளை அண்ணனுடைய சிவப்பு ஸ்வெட்டரில் வரும். அதைக் கழற்றச் சொல்லிவிட்டு காலை வழிபாட்டில் நிறுத்துவது எந்த ஒழுக்கத்தில் சேர்த்தி? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியை மட்டுமல்லாமல் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. உடைக்காகப் பிள்ளையை வரிசையிலிருந்து வெளியே நிறுத்துவதும், வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் என் பார்வையில் அந்தப் பிரிவுக்குள் வருபவை. தொடக்கப் பள்ளியில் பிள்ளை தானாக உடை தேர்ந்து வருவதில்லை. தண்டனை வாங்குவது ஒருவர், குறைக்குக் காரணம் வேறொருவர். பல சமயம் அந்த வேறொருவர் அரசுதான்.

பெரிய சீர்திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. பிள்ளையின் அளவை ஆண்டுத் தேர்வுக்கு முன்பே பள்ளிக்கு வந்து எடுக்கலாம். மலையிலேயே செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ தையல் தெரிந்த பெண்களிடம் திருத்தும் வேலையைக் கூலி கொடுத்து ஒப்படைக்கலாம். அரசு கொடுக்காத எதையும் எந்தப் பிள்ளையிடமும் கேட்பதில்லை என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் போடலாம். அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, ஆகவே அதற்குச் சென்னையின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.